கொலாஜன் கோட்டிங்: செல்லுக்கு அடியில இருக்கிற படலம் என்னென்ன பண்ணுது

செல் கல்ச்சர், அதாவது உடம்புக்கு வெளிய செல் வளர்க்கிறது, சம்பந்தமான ஆராய்ச்சிக் கட்டுரை எதை எடுத்தாலும் செய்முறை பகுதியில "கொலாஜன் பூசின பிளேட்ல செல்ல வளர்த்தோம்"னு ஒரு வரி வரும் (கொலாஜன்ங்கிறது தோல், எலும்புல எல்லாம் இருக்கிற ஒரு புரதம்), அதோட விட்டுட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவாங்க. எந்த வகை கொலாஜன், எந்த விலங்குல இருந்து எடுத்தது, சதுர சென்டிமீட்டருக்கு எவ்ளோ போட்டாங்க, காய வெச்சாங்களா ஈரமாவே விட்டாங்களா, மூலக்கூறு தனித்தனியா படிஞ்சிருந்துச்சா இல்ல நாரா சேர்ந்திருந்துச்சா, இதெல்லாம் பாதி இடத்துல இருக்காது. ஆனா இதுல ஒண்ணு மாறினாலே செல் நடந்துக்கிற விதம் மாறிடும், சில சமயம் தலைகீழாவே மாறிடும். கொலாஜன வெறும் ஒட்டுப் பசையா நினைச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் இந்த விவரமெல்லாம் தேவையில்லாத மாதிரிதான் தெரியும். செல் அதை பசையா பாக்குறதில்ல, தான் எந்த இடத்துல இருக்கோம், பெருகணுமா சும்மா இருக்கணுமா, எந்த வேலைய செய்யணும்னு முடிவு பண்றதுக்கே அதைத்தான் தொட்டுப் பாக்குது. இந்த ஒரு விஷயத்ததான் கொஞ்சம் விரிவா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

முதல்ல கோட்டிங் எதுக்குன்னு பாத்துடலாம். நாம செல் வளர்க்கிற பிளேட், ஃப்ளாஸ்க் எல்லாம் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அது தண்ணிய ஒட்ட விடாத பிளாஸ்டிக், அப்படியே விட்டா பெரும்பாலான செல் அதுல சரியா உக்காராது, அதனால தயாரிக்கும்போதே பிளாஸ்மா மாதிரி ஒரு முறையில மேற்பரப்ப மாத்தி தண்ணி ஒட்டுற மாதிரி பண்ணிடறாங்க, டிஷ்யூ கல்ச்சர் பிளேட்டுன்னு விக்கிறது அதுதான். அதுல கூட செல் நேரடியா பிளாஸ்டிக்க பிடிக்கிறதில்லங்க. மீடியாவுல, அதாவது செல்லுக்கு உணவா ஊத்துற திரவத்துல, போடுற சீரத்துல (ரத்தம் உறைஞ்சது போக மிச்சமிருக்கிற நீர்) ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின்னு ரெண்டு புரதம் இருக்கு, செல் போய்ச் சேர்றதுக்குள்ள அது பிளாஸ்டிக் மேல படிஞ்சிடும், செல் பிடிச்சுக்கிறது அதைத்தான். அதாவது கோட்டிங் போடலன்னு நாம நினைக்கிற பிளேட்லயும் ஒரு கோட்டிங் இருக்கு, சீரம் போட்டுக் குடுத்தது. எச்இகே, சிஎச்ஓ மாதிரி பல வருஷமா லேப்லயே வாழ்ந்து பழகின செல் லைனுக்கு பெரும்பாலும் அதுவே போதும். ஆனா கல்லீரல்ல இருந்து அப்பதான் பிரிச்சு எடுத்த ஹெபடோசைட், தோல்ல இருந்து எடுத்த கெரட்டினோசைட், தசையில இருந்து எடுத்த மயோபிளாஸ்ட் இதுக்கெல்லாம் அது பத்தாது, சீரமே இல்லாத மீடியாவுல வளர்க்கணும்னா சொல்லவே வேண்டாம். அங்கதான் கொலாஜன் வருது.

உடம்புல இருக்கிற மொத்தப் புரதத்துல கிட்டத்தட்ட 25ல இருந்து 30 சதவீதம் கொலாஜன்தான். இதுவரைக்கும் 28 வகை அடையாளம் கண்டிருக்காங்க, தோல், தசைநாண், எலும்பு இதுலெல்லாம் அதிகமா இருக்கிறது டைப் 1. ஒரு மூலக்கூறுல மூணு சங்கிலி, ஒவ்வொண்ணுலயும் ஆயிரத்துக்கு மேல அமினோ அமிலம், மூணும் முப்புரிக் கயிறு மாதிரி ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு இருக்கும். இந்த மும்மைச் சுருள் அமைப்ப 1954ல முதல்ல முன்வெச்சது மெட்ராஸ் யுனிவர்சிட்டியில இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அடுத்த வருஷமே அதை இன்னும் திருத்தி சுருளுக்குள்ள சுருளா இருக்குன்னு சொன்னாங்க. சங்கிலியில ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின்தான் இருக்கும், ஏன்னா முறுக்கோட நடுவுல அதைவிடப் பெரிய அமினோ அமிலம் உக்கார இடமே கிடையாது. மூலக்கூறோட நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் வெறும் 1.5 நானோமீட்டர், எடை சுமார் 300 கிலோடால்டன். இந்த நீளம், தடிமன், எடை மூணும் பின்னாடி ஒரு கணக்குக்குத் தேவைப்படும்.

செல் இதை எப்படிப் பிடிக்குது? செல்லோட மேற்பரப்புல இன்டக்ரின்னு ஒரு புரதக் குடும்பம் இருக்கு, அதுல ஆல்ஃபா 1 பீட்டா 1, ஆல்ஃபா 2 பீட்டா 1, அப்புறம் ஆல்ஃபா 10, 11 இதெல்லாம் கொலாஜனுக்குன்னே இருக்கிறது. கொலாஜன் சங்கிலியில கிளைசின், ஃபீனைல்அலனின், ஹைட்ராக்சிபுரோலின், கிளைசின், குளூட்டமேட், ஆர்ஜினின்னு வரிசையா ஆறு அமினோ அமிலம் வர்ற ஒரு இடம் இருக்கு, இன்டக்ரின் போய்ப் பிடிக்கிற முக்கியமான இடம் அது. 2000ல வந்த படிக அமைப்புல இது தெளிவாவே தெரிஞ்சுது, நடுவுல ஒரு உலோக அயனி உக்காந்து அந்த குளூட்டமேட்ட இன்டக்ரினோட இணைக்குது. உடம்புக்குள்ள அந்த வேலைய பெரும்பாலும் மெக்னீசியம் பாத்துக்குது. மெக்னீசியம் இல்லன்னா பிடி கிடையாது, செல்ல எடுக்கும்போது இடிடிஏங்கிற, உலோக அயனிய பிடிச்சு இழுத்துக்கிற ரசாயனம் போட்டா அது கழண்டு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். இன்டக்ரின் பிடிச்ச உடனே அந்தப் பக்கம், அதாவது செல்லுக்குள்ள, புரதங்கள் வந்து குவிஞ்சு ஆக்டின் நாரோட இணைப்பு உருவாகுது, செல் அந்த நாரை இழுத்துப் பாக்குது, அடியில இருக்கிறது எவ்ளோ இழுபடுதோ அதை வெச்சு உள்ள சிக்னல் போகுது. இது இல்லாம டிடிஆர்னு இன்னொரு ஏற்பி இருக்கு, அதுக்கு கொலாஜன்தான் சிக்னல் குடுக்குதுன்னு 1997ல கண்டுபிடிச்சாங்க, அது மெதுவா தூண்டப்பட்டு மணிக்கணக்குல அப்படியே நிக்கும். பாலிலைசின் கோட்டிங்கோட ஒப்பிட்டா வித்தியாசம் புரியும். பாலிலைசினுக்கு பாசிட்டிவ் மின்னூட்டம், செல்லோட மேற்பரப்புக்கு நெகட்டிவ், ரெண்டும் ஈர்க்குறதால ஒட்டுது, அவ்ளோதான், அங்க ஏற்பி வழியா எந்தச் சேதியும் உள்ள போறதில்ல. கொலாஜன்ல ஒட்டுறதும் சேதி போறதும் ஒரே நிகழ்வு.

இப்ப முக்கியமான ஒரு சிக்கல். அந்த ஆறு அமினோ அமிலத்த இன்டக்ரின் அடையாளம் காணணும்னா மூணு சங்கிலியும் முறுக்கோட இருக்கணும். சூடு பட்டு முறுக்கு பிரிஞ்சிட்டா அது ஜெலட்டின். பாலூட்டிகளோட டைப் 1 கொலாஜன் தனி மூலக்கூறா கரைசல்ல இருக்கும்போது உடம்புச் சூட்டுக்குப் பக்கத்துலயே குலைய ஆரம்பிச்சிடும், நாரா சேர்ந்த அப்புறம்தான் அதுக்கு நல்ல நிலைத்தன்மை வருது. குளிர்ந்த கடல்ல வாழ்ற மீனோட கொலாஜன் இன்னும் குறைஞ்ச சூட்டுலயே குலைஞ்சிடும், அதனால மீன் கொலாஜன் கோட்டிங்க 37 டிகிரி இன்குபேட்டர்ல வெச்சுட்டு இது கொலாஜன்தான்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிக்கணும். ஸ்டாக்க, அதாவது பாட்டில்ல வர்ற அடர்கரைசல, எப்பவும் 4 டிகிரியில வைங்க, ஃப்ரீசர்ல வைக்காதீங்க, ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்துல கிருமி நீக்கம்) பண்ணாதீங்கன்னு பாட்டில் மேலயே போட்டிருக்கிறது இதுக்குத்தான், ஆட்டோகிளேவ் பண்ணி எடுத்தா பாட்டில்ல இருக்கிறது ஜெலட்டின்தான்.

ஜெலட்டினும் மோசமான கோட்டிங் இல்ல, ரத்தக்குழாய் உள்சுவர் செல் வளர்க்கிறவங்க அதைத்தான் நிறைய பயன்படுத்துறாங்க. ஆனா அது வேலை செய்யுற வழி முழுசா வேற. முறுக்கு பிரிஞ்ச சங்கிலியில ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டேட்னு மூணு சேர்ந்து வர்ற இடம் வெளிய தெரிய வரும், முறுக்கோட இருக்கும்போது அது இன்டக்ரின் பிடிக்கிற மாதிரி இருக்காது. அதை பிடிக்கிறது வேற இன்டக்ரின். அதோட ஜெலட்டின் மேல ஃபைப்ரோநெக்டின் நல்லா போய் ஒட்டும், எவ்ளோ நல்லான்னா ரத்தத்துல இருந்து ஃபைப்ரோநெக்டின பிரிச்செடுக்கவே ஜெலட்டின் பூசின மணிகளத்தான் பயன்படுத்துவாங்க. அதனால சீரம் போட்ட மீடியாவுல ஜெலட்டின் கோட்டிங்னா செல் பாதிக்கு மேல தொடறது ஃபைப்ரோநெக்டினா கூட இருக்கலாம். ரெண்டு பிளேட்லயும் செல் அழகா ஒட்டியிருக்கும், மைக்ரோஸ்கோப்ல பாத்தா வித்தியாசம் தெரியாது, உள்ள போற சிக்னல் வேற வேற.

இதோட வரலாறு பழசுதான். 1956ல ராபர்ட் எர்மனும் ஜார்ஜ் கையும் எலி வால் கொலாஜன்ல இருந்து ஒளி ஊடுருவுற ஜெல் செஞ்சு அதுல செல் வளர்த்துக் காட்டினாங்க, ஜார்ஜ் கைங்கிறது அஞ்சு வருஷம் முன்னாடி ஹீலா செல்ல வளர்த்த அதே லேப்காரர். 1958ல முர்ரே போர்ன்ஸ்டைன் அதே எலி வால் கொலாஜன கண்ணாடித் துண்டு மேல பூசி திசு வளர்க்கிற முறைய எழுதினார், நரம்பு திசு வளர்க்கிறவங்க அத ரொம்ப காலம் பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா எனக்கு இந்த வரலாறுல பெரிய திருப்பமா படுறது 1966ல ஹவுஷ்காவும் கோனிக்ஸ்பெர்கும் செஞ்சதுதான். அதுக்கு முன்னாடி ஒத்தை தசை செல்ல வளர்த்து தசை நாரா மாத்தணும்னா வேற செல் வளர்ந்த பழைய மீடியாவ எடுத்து ஊத்தணும், அதுல ஏதோ இருக்கு, என்னன்னு தெரியாது. இவங்க பிளேட்ல கொலாஜன் பூசினாங்க, பழைய மீடியாவுக்குத் தேவையே இல்லாம போச்சு. செல் ஒட்டுறதுக்கு மட்டும் இல்லாம அது தசையா முதிர்றதுக்கே அடியில இருக்கிற படலம் காரணமா இருக்கலாம்னு அப்பவே கை மேல ஆதாரம் கிடைச்சிடுச்சு.

சரி, இந்தக் கொலாஜன் எங்க இருந்து வருது? லேப்ல அதிகம் புழங்குறது எலி வால், அப்புறம் மாட்டுத் தோல். எலி வாலுக்குள்ள வெள்ளையா பளபளன்னு நீளமா தசைநாண் இருக்கும், அது கிட்டத்தட்ட சுத்தமான டைப் 1, அதை உருவி எடுத்து நீர்த்த அசிட்டிக் ஆசிட்ல குளிர்ல நாள் கணக்கா கலக்கி விட்டா கரைஞ்சு வரும். இப்படி அமிலத்துல மட்டும் கரைச்சு எடுக்கிறதுல மூலக்கூறோட ரெண்டு முனையிலயும் இருக்கிற முறுக்கில்லாத வால் பகுதி, டெலோபெப்டைடுன்னு சொல்வாங்க, அப்படியே இருக்கும். மாட்டுத் தோல்ல இருந்து எடுக்கும்போது பெரும்பாலும் பெப்சின் நொதி போடுவாங்க, அது அந்த வால வெட்டிடும், அதுக்குப் பேரு அட்டெலோகொலாஜன். வால் இல்லாததால நோய் எதிர்ப்பு எதிர்வினை குறையும், ஆனா மூலக்கூறுகள் நாரா சேர்றதுக்கு அந்த வால்தான் உதவி பண்றதால ஜெல் ஆக நேரம் கூடும், நாரோட அமைப்பும் மாறும். வயசான விலங்குன்னா குறுக்குப் பிணைப்பு அதிகம், கரைஞ்சு வர்ற அளவு குறையும். ரெண்டு பாட்டில்லயும் டைப் 1 கொலாஜன், மில்லிக்கு 3 மில்லிகிராம்னுதான் போட்டிருக்கும், ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ண ஊத்தினா ஜெல் வேற மாதிரி வரும்.

மெல்லிய கோட்டிங்ல இருந்து ஆரம்பிப்போம். வழக்கமான முறை ரொம்ப எளிமையானது: ஸ்டாக்க 0.02 மோலார் அசிட்டிக் ஆசிட்ல மில்லிக்கு 50 மைக்ரோகிராம்னு கரைச்சு, சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் வர்ற மாதிரி ஊத்தி, அறை வெப்பத்துல ஒரு மணி நேரம் விட்டு, எடுத்துட்டு, பிபிஎஸ்ங்கிற உப்புக் கரைசல் வெச்சு ரெண்டு மூணு தடவ கழுவணும். ஆறு வெல் பிளேட்ல ஒரு வெல், அதாவது ஒரு குழி, சுமார் 9.5 சதுர சென்டிமீட்டர், அதனால வெல்லுக்கு ஒரு மில்லி ஊத்தினா கணக்கு சரியா வந்துடும். கழுவுறத அவசரப்பட்டு செய்யக் கூடாது, அமிலம் மிச்சம் இருந்தா முதல்ல போய் உக்கார்ற செல்லுக்குத்தான் அடி.

இந்த 5 மைக்ரோகிராம்ங்கிற அளவு எவ்ளோ பெருசுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பாத்தா ஆச்சரியமா இருக்கும். மூலக்கூறு 300 நானோமீட்டர் நீளம், 1.5 தடிமன், படுத்துக்கிட்டு இருந்தா 450 சதுர நானோமீட்டர் இடம் எடுக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர்ல அப்படி கிட்டத்தட்ட 22 ஆயிரம் கோடி மூலக்கூறு நெருக்கமா படுக்கலாம், அதோட எடைய கூட்டினா வெறும் 0.11 மைக்ரோகிராம். நாம ஊத்துறது அதைவிட 45 மடங்கு. அதாவது ஒரு அடுக்கு முழுசா மூடுறதுக்குத் தேவையானத விட பல மடங்கு ஊத்தறோம், பெரும்பகுதி கழுவும்போது போயிடும், பிளேட்ல தங்குறது எவ்ளோன்னு ஊத்தின அளவ வெச்சு சொல்லவே முடியாது. நிஜமா எவ்ளோ தங்குச்சுன்னு தெரியணும்னா சிரியஸ் ரெட் சாயம் போட்டோ புரத அளவீடு பண்ணியோ பாக்கணும். கழுவாம ஹூட்ல (சுத்தமான காத்து ஓடுற வேலைப் பெட்டி) அப்படியே காய விட்டா மொத்தமும் தங்கும், ஆனா அது ஒரே சீரா தங்காது, காயும்போது ஓரத்துக்கு ஒதுங்கும், அப்புறம் செல்லும் ஓரத்துல ஒரு வளையமா கூட்டம் போட்டு நிக்கும்.

எதுல கரைக்கிறோம்ங்கிறது இன்னொரு விஷயம், இத நிறைய பேர் கண்டுக்கிறதே இல்ல. அமிலத்துல இருக்கும்போது மூலக்கூறு தனித்தனியா மிதக்கும், அப்படியே பிளேட்ல படியும். அதே ஸ்டாக்க பிபிஎஸ்ல கரைச்சு 37 டிகிரியில வெச்சா நடுநிலை பிஹெச், உப்பு, சூடு மூணும் கிடைச்சதால மூலக்கூறுகள் தானா அடுக்கிக்கிட்டு நாரா மாற ஆரம்பிச்சிடும், 67 நானோமீட்டருக்கு ஒரு பட்டைன்னு உடம்புல இருக்கிற அதே வரிக்கோலத்தோட. ஒரே பாட்டில், ஒரே அளவு, ஒரே பிளேட், ஆனா ஒண்ணுல தனி மூலக்கூறு, இன்னொண்ணுல நார்.

இதுல என்ன பெரிய வித்தியாசம்னு கேட்டா, 1996ல கோயாமாவும் கூட இருந்தவங்களும் செஞ்ச சோதனைதான் பதில். மனுஷ தமனியோட மென்தசை செல்ல எடுத்து, பாதிய தனி மூலக்கூறா படிஞ்ச கொலாஜன் மேலயும் மீதிய நாரா சேர்ந்த கொலாஜன் மேலயும் வளர்த்தாங்க. தனி மூலக்கூறு மேல இருந்த செல் பெருகிக்கிட்டே போச்சு, நார் மேல இருந்தது செல் சுழற்சியோட ஜி1 கட்டத்துலயே நின்னு போச்சு, வளர்ச்சிக் காரணி குடுத்தும் அசையல. உள்ள பாத்தா பி21, பி27ங்கிற தடுப்புப் புரதங்கள் ஏறியிருந்துச்சு, சிடிகே2ங்கிற நொதிய அது கட்டிப் போட்டுடுச்சு. நல்லா இருக்கிற தமனிச் சுவர்ல இந்த செல் நாருக்கு நடுவுல அமைதியா உக்காந்திருக்கு, சுவர் சேதமாகி நார் சிதைஞ்சா பெருக ஆரம்பிக்குது, அதையே பிளேட்ல வெச்சு காட்டிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, ரெண்டு பிளேட்டயும் நம்ம கட்டுரையில "கொலாஜன் பூசினது"ன்னு ஒரே மாதிரிதான் எழுதுவோம்.

காய வைக்கிறதும் இதே மாதிரிதான். 2007ல வந்த ஒரு ஆய்வுல நாரா சேர்ந்த கொலாஜன் படலத்த ரெண்டா பிரிச்சு ஒண்ண ஈரமாவே வெச்சாங்க, இன்னொண்ண காய வெச்சு மறுபடியும் நனைச்சாங்க. பாக்குறதுக்கு நார் அமைப்பு ரெண்டுலயும் ஒண்ணுதான், ஆனா ஒரு தடவ காஞ்ச நார் விறைப்பாயிடுச்சு, நனைச்சாலும் பழையபடி இளகல, அது மேல போட்ட மென்தசை செல் அகலமா விரிஞ்சு பெருக ஆரம்பிச்சுது. ஹூட்ல மூடியத் திறந்து வெச்சுட்டு மறந்துட்டா கூட இது நடக்கும். அதனால என்னைப் பொறுத்தவரைக்கும் செய்முறையில வகை, விலங்கு, அமிலத்துல எடுத்ததா பெப்சின்ல எடுத்ததா, லாட் நம்பர், எதுல கரைச்சாங்க, சதுர சென்டிமீட்டருக்கு எவ்ளோ, எந்த வெப்பத்துல எவ்ளோ நேரம், காய வெச்சாங்களா, கழுவினாங்களா இவ்ளோவும் கட்டாயம் இருக்கணும், மொத்தமே ரெண்டு வரிதான் கூடும்.

அடுத்தது ஜெல். இதை செய்யுறத பக்கத்துல இருந்து பாக்கணும், அவ்ளோ தெளிவா கண்ணுக்குத் தெரியற வேதியியல் செல் கல்ச்சர்ல கம்மிதான். ஐஸ் மேல குழாய வெச்சு பத்து மடங்கு அடர்த்தியான பஃபரோ மீடியாவோ முதல்ல, அதுல பிஹெச்சுக்கு ஏத்த மாதிரி நிறம் மாறுற ஃபீனால் ரெட் சாயம் இருந்தா நல்லது, அப்புறம் குளிர்ந்த தண்ணி, அப்புறம் கொலாஜன், அது கெட்டியா நூல் மாதிரி இழுபடும், பைப்பெட் முனைய கொஞ்சம் அகலமா வெட்டிக்கிட்டு மெதுவா எடுக்கணும், வேகமா உறிஞ்சினா காத்துக் குமிழி உள்ள போய் மாட்டிக்கும், அப்புறம் அது வெளிய வரவே வராது. கொலாஜன் சேர்ந்ததும் அமிலத்துனால எல்லாம் மஞ்சளா மாறும். அப்புறம் சோடியம் ஹைட்ராக்சைட துளித் துளியா விட்டா, மஞ்சள் ஆரஞ்சாகி இளஞ்சிவப்புக்கு வர்ற இடத்துல நிறுத்தணும், பிஹெச் 7ல இருந்து 7.4க்குள்ள, இன்னும் ஒரு துளி போனா கத்தரிப்பூ நிறத்துக்குப் போயிடும், அதுல செல் போட்டா பிழைக்காது. இவ்ளோ நேரமும் ஐஸ்ல இருக்கிறதால திரவமாவே இருக்கும். பிளேட்ல ஊத்தி 37 டிகிரியில வெச்சா அரை மணி நேரத்துல கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தது லேசா பால் கலந்த மாதிரி மங்கும். அந்த மங்கல்தான் நார் உருவானதுக்கு அடையாளம், ஏன்னா ஒளி சிதறுற அளவுக்கு நார் தடிச்சிருக்கு. தெளிவாவே இருந்துச்சுன்னா நார் சரியா வரலன்னு வெச்சுக்கலாம். மில்லிக்கு 2 மில்லிகிராம் ஜெல்னா அதுல 0.2 சதவீதம்தான் கொலாஜன், மீதி பூரா தண்ணியும் உப்பும், இருந்தும் பிளேட்ட சாய்ச்சா ஒழுகாம நிக்கும். குறைஞ்ச வெப்பத்துல மெதுவா ஜெல் ஆக விட்டா நார் தடிமனாவும் இடைவெளி பெருசாவும் வரும், வேகமா ஆக்கினா மெல்லிசா நெருக்கமா வரும், அதனால ஐஸ்ல இருந்து நேரா இன்குபேட்டர்ல வைக்கிறதும் மேஜை மேல கொஞ்ச நேரம் மறந்து வெச்சுட்டு வைக்கிறதும் ஒண்ணு கிடையாது.

மெல்லிய கோட்டிங்குக்கும் ஜெல்லுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் விறைப்பு. பாலிஸ்டைரீனோட விறைப்பு சுமார் 3 ஜிகாபாஸ்கல், சாதாரண கொலாஜன் ஜெல் சில பத்துல இருந்து சில நூறு பாஸ்கல், கிட்டத்தட்ட ஒரு கோடி மடங்கு வித்தியாசம். மெல்லிய கோட்டிங்ல செல் கொலாஜன பிடிச்சு இழுக்கும், ஆனா அதுக்குத் தெரியற எதிர்ப்பு பிளாஸ்டிக்கோடது. 1997ல பெல்ஹமும் வாங்கும் பாலிஅக்ரிலமைடு ஜெல் மேல கொலாஜன் பூசி, கொலாஜன் அளவ மாத்தாம அடியில இருக்கிற ஜெல்லோட விறைப்ப மட்டும் மாத்தினாங்க, செல்லோட ஒட்டுப் புள்ளிகளும் நகர்ற விதமும் மாறிடுச்சு. 2006ல எங்லரும் குழுவும் அதே முறையில, அதே டைப் 1 கொலாஜன் பூசி மீசென்கைமல் ஸ்டெம் செல்ல (பல வகை செல்லா மாறக்கூடியது) வளர்த்தாங்க. மூளை அளவுக்கு மெத்துன்னு, அதாவது 0.1ல இருந்து 1 கிலோபாஸ்கல் இருந்தா நரம்பு செல் சாயல் வந்துச்சு, 8ல இருந்து 17 கிலோபாஸ்கல்ல தசை சாயல், 25ல இருந்து 40ல எலும்பு சாயல். மேல இருந்த கொலாஜன் மூணுலயும் ஒண்ணேதான்.

இத வெச்சுப் பாத்தா 1970கள்ல வந்த மிதக்கும் ஜெல் சோதனைகள் இன்னும் நல்லா புரியும். எமர்மனும் பிட்டெல்காவும் 1977ல எலியோட பால் சுரப்பி செல்ல கொலாஜன் ஜெல் மேல வளர்த்தாங்க, ஜெல் பிளேட்டோட ஒட்டியிருந்த வரைக்கும் செல் தட்டையா பரந்து கிடந்துச்சு. ஓரத்த எடுத்து விட்டு ஜெல்ல மிதக்க விட்டதும் செல் அத சுருக்கி இழுத்துச்சு, உயரமா எழும்பிச்சு, மேல் பக்கம் கீழ் பக்கம்னு பிரிஞ்சுச்சு, சரியான ஹார்மோன் குடுத்தா சுரக்கிற அமைப்பும் வந்துச்சு, அதே வருஷம் மிதக்கும் ஜெல்ல பால் புரதமான கேசீன் வர்றதையும் காட்டினாங்க. ஒட்டியிருக்கிற ஜெல்ல இழுத்தா கீழ இருக்கிற பிளேட் விட்டுக் குடுக்காது, மிதக்கிறத இழுத்தா கூடவே வரும், செல் உணர்ற வித்தியாசம் அதுதான். ஃபைப்ரோபிளாஸ்ட், அதாவது இணைப்புத் திசு செல், போட்டா இந்த சுருக்கம் எவ்ளோ பலமா இருக்கும்னு 1979ல யூஜின் பெல் குழு காட்டினாங்க, ஜெல் ஆரம்ப அளவுல ஒரு சின்னப் பங்கா சுருங்கி திசு மாதிரி ஆயிடுச்சு, செயற்கைத் தோலுக்கான வேலைகள் அங்க இருந்துதான் கிளம்புச்சு.

ஹெபடோசைட்டுக்கு வருவோம், மருந்து சோதனை பண்றவங்களுக்கு இது அன்றாட விஷயம். கல்லீரல் செல் மெல்லிய கொலாஜன் கோட்டிங்ல நல்லா ஒட்டும், சில மணி நேரத்துல பலகோண வடிவத்துல நெருக்கமா உக்காந்து அழகா இருக்கும், ஆனா நாளாக நாளாக தட்டையாகி அல்புமின் சுரக்கிறதும் மருந்த உடைக்கிற நொதிகளும் குறைஞ்சுக்கிட்டே போகும். 1989ல டன்னும் யார்முஷும் சேர்ந்த குழு செல்லுக்கு அடியில ஒரு ஜெல், செல் ஒட்டின அப்புறம் அது மேலயும் ஒரு ஜெல்னு சாண்ட்விச் மாதிரி வெச்சாங்க. ஒத்தை ஜெல்ல ஒண்ணு ரெண்டு வாரத்துல சுரப்பு நின்னு போச்சு, சாண்ட்விச்ல குறைஞ்சது 6 வாரம் அல்புமின் வந்துக்கிட்டே இருந்துச்சு. கல்லீரலுக்குள்ள இந்த செல்லுக்கு ரெண்டு பக்கமும் மேட்ரிக்ஸ், அதாவது செல்லுக்கு வெளிய இருக்கிற புரத வலை, இருக்கும், அதைத்தான் திருப்பிக் குடுத்தாங்க. மேல ஒரு அடுக்கு வந்ததும் பித்த நுண்குழாய் கூட செல்லுக்கு நடுவுல வலை மாதிரி உருவாகுது, மருந்து பித்தத்துல எவ்ளோ வெளியேறுதுன்னு பாக்குறதுக்கு இன்னைக்கும் இந்த அமைப்பதான் பயன்படுத்துறாங்க.

மத்த வகைகள சுருக்கமா சொல்லிடறேன். டைப் 2 குருத்தெலும்பு செல் ஆராயறவங்க எடுப்பாங்க. டைப் 4 நாரா வராது, வலையா வரும், எபிதீலிய செல்லுக்கு அடியில இருக்கிற அடித்தளச் சவ்வுல இருக்கிறது அதுதான், அதனால எபிதீலியம், நரம்பு சம்பந்தப்பட்ட செல்லுக்கு சில பேர் அதை விரும்புவாங்க. மேட்ரிஜெல்லுங்கிறது தனி கொலாஜன் கிடையாது, எலிக் கட்டியில இருந்து எடுத்த லாமினின், டைப் 4 கொலாஜன், என்டாக்டின் எல்லாம் கலந்த கலவை, அதுல வளர்ச்சிக் காரணிகளும் இருக்கும், அதனால அதுல கிடைச்ச முடிவ கொலாஜன் கணக்குல எழுதக் கூடாது. பிசி12ங்கிற எலி அட்ரீனல் கட்டி செல் வெறும் பிளாஸ்டிக்ல சரியா ஒட்டாம கூட்டமா மிதக்கும், டைப் 1 போட்டாலும் டைப் 4 போட்டாலும் உக்காந்து நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு அழகா நீட்சி விடும்.

சோதனை அமைக்கும்போது ஒப்பீட்டுக்கு வெறும் பிளேட் மட்டும் வெச்சா பத்தாது, சீரம் இருந்தா அதுவும் பூசின பிளேட்தான்னு முன்னாடியே சொன்னேன். கொலாஜனோட பங்கு என்னன்னு பிரிச்சுப் பாக்கணும்னா ஒரு வெல்ல சீரம் இல்லாம வெச்சு பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) பூசி, இன்னொண்ணுல ஜெலட்டின், இன்னொண்ணுல கொலாஜன்னு வைக்கிறது நல்லது, ஆல்ஃபா 2 பீட்டா 1ஐ தடுக்கிற ஆன்டிபாடி போட்டு ஒட்டுறது நிக்குதான்னு பாத்தா இன்னும் தெளிவு. இன்னொண்ணு, செல் சும்மா உக்காந்திருக்காது, நாலஞ்சு நாள்ல நொதி விட்டு நம்ம கோட்டிங்க அரிச்சு, தன்னோட மேட்ரிக்ஸ கட்ட ஆரம்பிச்சிடும், மீடியாவுல வைட்டமின் சி போட்டா ஃபைப்ரோபிளாஸ்ட் அதுவே கொலாஜன் செஞ்சு போடும், ஏன்னா ஹைட்ராக்சிபுரோலின் உருவாக வைட்டமின் சி தேவை. முதல் நாள் ஒட்டுறதுக்கு நம்ம படலம் பொறுப்பு, பத்தாவது நாள் நடக்கிறதுக்கு செல் கட்டினதும் சேர்ந்து பொறுப்பு. செல்ல எடுக்கும்போதும் இந்த வித்தியாசம் தெரியும், முறுக்கோட இருக்கிற கொலாஜன ட்ரிப்சின்ங்கிற புரதம் வெட்டுற நொதி அவ்ளோ சுலபமா வெட்டாது, மெல்லிய கோட்டிங்னா ட்ரிப்சின்லயே செல் கழண்டு வந்துடும், ஜெல்லுக்குள்ள புகுந்திருந்தா கொலாஜன வெட்டுற கொலாஜனேஸ் நொதி போட்டுத்தான் எடுக்கணும்.

மனுஷனுக்குத் திருப்பிப் போடுற செல் வளர்க்கிறவங்களுக்கு விலங்கு கொலாஜன்னாலே கவலை. மாட்டுல இருந்து எடுக்கிறதுன்னா பிஎஸ்இ (மாட்டுப் பைத்திய நோய்) பயம், அதனால தனியா அடைச்சு கண்காணிச்சு வளர்க்கிற மந்தையில இருந்து மட்டும் எடுக்கிறாங்க. மனுஷ கொலாஜன் ஜீன ஈஸ்ட்ல போட்டு தயாரிக்கிற வழியும் இருக்கு, ஆனா அதுல ஜீன மட்டும் போட்டா பத்தாது, புரோலின்ல ஹைட்ராக்சில் சேர்க்கிற நொதி ஈஸ்ட்டுக்குக் கிடையாது, அந்த நொதியோட ரெண்டு துணை அலகுக்கான ஜீனையும் சேர்த்துப் போடணும், இல்லன்னா முறுக்கு உடம்புச் சூட்ட தாங்காது.

இப்ப ஆர்கன் சிப், அதாவது உறுப்பு மாதிரி நடந்துக்கிற சின்ன செல் கருவி, பண்றவங்க பிடிஎம்எஸ்ங்கிற சிலிகோன் ரப்பர பயன்படுத்துறாங்க, அது தண்ணிய சுத்தமா ஒட்ட விடாது, கொலாஜன ஊத்தினா படியும், ஆனா பிடிப்பு இருக்காது. முதல் ரெண்டு மூணு நாள் எல்லாம் சரியா போகும், செல் நெருங்கி ஒண்ணோட ஒண்ணு இழுக்க ஆரம்பிச்சதும் கொலாஜன் படலத்தோட சேர்ந்து ஒரு ஓரத்துல இருந்து உரிஞ்சு சுருண்டு வந்துடும், செல் கொலாஜன விட்டதே கிடையாது, கொலாஜன்தான் ரப்பர விட்டுடுச்சு. அதனால முதல்ல பிளாஸ்மா காட்டி, அமினோ சிலேன் ஒரு அடுக்கு போட்டு, குளூட்டரால்டிஹைடு வெச்சு கொலாஜன வேதிப் பிணைப்புல கட்டிப் போடறாங்க, பாலிடோபமைன் அடுக்கு போட்டு அது மேல கொலாஜன் பூசுறவங்களும் இருக்காங்க. குளூட்டரால்டிஹைடு மிச்சம் இருந்தா செல்லுக்கு நஞ்சு, அதனால கழுவுறதுக்கு மட்டும் தாராளமா நேரம் ஒதுக்கணும்.